எதிர்மனுதாரர் பிச்சையம்மாளின் வழக்குச் செலவு

1987-ஆம் வருஷம் ஆவணி மாதம், மம்சாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்த பிச்சையம்மாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கொண்டுவந்த கோர்ட்டுச் சேவகரான அமீனா, கையெழுத்தா கைநாட்டா என்று கேட்டார். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நின்றபடியே கையெழுத்துப் போட்டு வாங்கி, உள்ளே போய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கணவன் பொன்னுராஜ் மனுதாரர், அவள் எதிர்மனுதாரர் என்று போட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தக்க காரணம் ஏதும் இல்லாமல் அவள் அவனை விட்டுப் போய்விட்டாளாம். பலமுறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் வர மறுத்துவிட்டாளாம். ஆகையால் மணவிலக்கு வேண்டுமாம்.

அவள் போகவில்லை, கொண்டுவந்து விடப்பட்டாள். அப்பா படுக்கையில் விழுந்த சமயம், பொன்னுராஜே ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து, வாசலில் ஒரு பை சாத்துக்குடியையும் அவளையும் விட்டுவிட்டு, அவசரப்பட வேண்டாம், அப்பாவைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வா என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா இரண்டு மாதத்தில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அவளாகவே இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். முதல் தடவை வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் தடவை அவன் நிலைப்படியில் நின்றுகொண்டே, இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இரு என்றான். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அதுதான் காரணம் என்பது இருவருக்கும் தெரியும். அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவள் போகவில்லை.

பொன்னுராஜ் ஒரு நூற்பு மில்லில் பிட்டர். கல்யாணத்தின்போது பிச்சையம்மாளுக்குப் பதினோரு பவுன் போட்டார்கள். 1979-இல் அதில் ஒன்பது பவுனை விற்று, பேண்டேஜ் துணி நெய்வதற்கு இரண்டு பழைய பவர்லூம் தறிகள் வாங்கி, வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்துப் போட்டார்கள். அவன் மில்லுக்குப் போக, தறிகளை அவள் ஓட்டினாள். குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றுவது, இழையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை மாற்றுவது, அறுந்த இழையைப் பிடித்து முடிவது, நெய்த துணியை மடித்து வியாபாரிக்குப் போடுவது எல்லாம் அவள் பாடு. இரண்டு தறி நாலாயிற்று. அவள் மம்சாபுரம் வந்த பிறகு ஆறாகிவிட்டது என்று கேள்விப்பட்டாள். எல்லாம் அவன் பேரில் இருந்தன.

சம்மனை எடுத்துக்கொண்டு அண்ணன் குருசாமி அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். பருத்தி விற்ற பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் முன்பணம் கட்டினார். வக்கீல் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குப் பிறகு வாய்தா வாய்தாவாகப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலுக்கு நாற்பது, குமாஸ்தாவுக்குப் பத்து, இருவருக்கும் பஸ் செலவு. கோர்ட்டு வராந்தாவில் பகல் முழுக்க நின்று, சாயங்காலம் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஏழு மாதத்தில் அவள் தரப்பில் ஒரு பதில் மனுகூடத் தாக்கலாகவில்லை. மேல் பணம் வந்தால்தான் தாக்கல் செய்வேன் என்று வக்கீல் சொன்னபோது குருசாமிக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருந்தார்.

“அவன் வேண்டாம்ங்கான். நீ எம்புட்டு நாள் பிடிச்சு இழுப்ப? கையெழுத்தைப் போட்டுக் குடுத்துரு பிச்சை. ஒனக்கு ஒரு வாய் கஞ்சி நான் ஊத்த மாட்டேனா?” என்றார்.

பிச்சையம்மாள் மறுவாரம் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளுத்து வரும் துணியை அளவாக வெட்டி, சுருட்டி, உறையில் போடும் வேலை. நூறு சுருளுக்கு இவ்வளவு என்று கூலி. நாளைக்கு ஒன்பது, பத்து ரூபாய் வரும். காலை டவுன் பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்பினாள். மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கென்று அண்ணி கையில் நூறு ரூபாய் கொடுத்தாள். அண்ணி வாங்கிக்கொண்டாள்.

கம்பெனியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டியவள் கிருபாபாய். ஐம்பது வயது, புருஷன் மில்லில் மிஷினில் அடிபட்டு இறந்துபோனவர். அந்த நஷ்டஈட்டுக்காகக் கோர்ட்டு வாசல் ஏறி இறங்கியவள் என்பதால், பிச்சையம்மாள் வாய்தாவுக்கு லீவு கேட்பதைப் பார்த்ததுமே விஷயத்தை ஊகித்துவிட்டாள். தனக்கு வாதாடிய சங்கரலிங்கம் வக்கீலைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். “சிரிச்சுப் பேச மாட்டாரு. ஆனா வாங்குன காசுக்குச் சீட்டு குடுப்பாரு” என்றாள்.

சங்கரலிங்கத்தின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடியில் இருந்தது. அவர் சம்மனைப் படித்தார். நகை, தறி, மில் வேலை எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு தன் பீஸ் ஆயிரத்து இருநூறு என்றார். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“உக்காரும்மா. இப்போதைக்கு ஸ்டாம்பு, டைப்பு செலவுக்கு அறுபது ரூபா குடு. மீதியை உன் புருஷன்தான் கட்டணும். போதுமான வருமானம் இல்லாத பொஞ்சாதி மேல வழக்குப் போட்டா, அவ வழக்கு நடத்துற செலவையும், முடியிற வரைக்கும் சாப்பாட்டுச் செலவையும் அவன்கிட்ட வாங்கித் தரச் சொல்லி மனுப் போடலாம். சட்டத்துலயே இருக்கு. பழைய வக்கீல் சொல்லலையா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள். பிறகு கேட்டாள்: “அவிய காசு குடுத்தா, நீங்க அவிய பக்கம்தானய்யா பேசுவீய?”

குமாஸ்தா ஆவுடையப்பன் தட்டச்சு மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதான் என்றார். “அவன் என் கையில குடுக்கப் போறதில்ல. ஜட்ஜ் உத்தரவு போட்டு, கோர்ட்டுல வச்சு உனக்குக் குடுப்பான். உன் கைக்கு வந்துட்டா அது உன் காசு. அதை நீ எனக்குக் குடுக்கிற” என்றார்.

பழைய வக்கீலிடமிருந்து வழக்குக் கட்டை வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. பாக்கி முந்நூறு ரூபாய் தராமல் வேறு வக்கீல் வைக்கச் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். சங்கரலிங்கம் அதில் தலையிட விரும்பவில்லை. அவரவர் பீஸ் அவரவருக்கு என்பது போல இருந்துவிட்டார். பிச்சையம்மாள் நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். பஸ் நேரம் மிச்சமாகட்டும் என்று மம்சாபுரத்தைவிட்டு, கிருபாபாய் வீட்டின் பின்கட்டு அறைக்கு வாடகைக்கு வந்துசேர்ந்தாள். முந்நூறு ரூபாயைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தபோது அந்த வக்கீல் எண்ணிக்கூடப் பார்க்காமல் டிராயரில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சீட்டுத் தரவில்லை.

1989 தை மாதம் செலவுத் தொகை மனு விசாரணைக்கு வந்தது. பொன்னுராஜ் தரப்பு வக்கீலின் வாதம், அவளுக்கு வேலை தெரியும், வருமானம் உண்டு, ஆகவே ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை என்பது. அதைச் சொல்வதற்காகப் பொன்னுராஜைக் கூண்டில் ஏற்றினார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு பிச்சையம்மாள் அவனை அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். நெற்றி ஏறியிருந்தது. சட்டைப் பையில் மில் அடையாள அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றான். பிறகு சங்கரலிங்கம் எழுந்தார்.

பிச்சையம்மாளுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

“தறி ஓட்டுவா. தார் சுத்துவா. அறுந்த இழையைப் பிடிக்கிறதுல அவளுக்கு மேல ஆள் கிடையாது. நாலு தறியை ஒத்தையில பாப்பா. எங்க போனாலும் நாளைக்கு இருபது ரூவா சம்பாதிப்பா.”

“இம்புட்டு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க ஷெட்டுலதான ஆறு வருஷம் ஓட்டுனா.”

“அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“மில்லுல. ஷிப்டு.”

“அந்த ஆறு வருஷத்துக்கு அவங்களுக்கு எம்புட்டுச் சம்பளம் குடுத்தீங்க?”

பொன்னுராஜ் தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு, “பொஞ்சாதிக்கு யாருய்யா சம்பளம் குடுப்பா?” என்றான்.

ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்தார். சங்கரலிங்கம் அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, முதல் இரண்டு தறிகள் எந்தப் பணத்தில் வாங்கியவை என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றார். பதில் சொல்லட்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். பொன்னுராஜ் கூண்டின் மரச்சட்டத்தைத் தடவினான்.

“அவ நகையை வித்தோம்” என்றான்.

பின்வரிசையில் நின்றிருந்த பிச்சையம்மாளுக்கு அந்த நேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே வரவில்லை. அவளுக்கு மேல ஆள் கிடையாது என்று அவன் சொன்னதுதான் காதில் நின்றது. சேர்ந்து வாழ்ந்த எட்டு வருஷத்தில் அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மனுவில் டைப் அடித்திருந்த பொய்யை வக்கீல் எழுதினார், இவன் கையெழுத்துப் போட்டான். தன் வாயால் சொல்ல வேண்டி வந்தபோது மட்டும் அவனால் முடியவில்லை என்று அவள் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். அதற்காக அவன்மேல் இரக்கமும் வரவில்லை.

வழக்குச் செலவுக்கு எழுநூற்றைம்பது ரூபாயும், மனுப் போட்ட நாளிலிருந்து மாதம் நூற்றைம்பது ரூபாயும் தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. பீஸைவிட நானூற்றைம்பது குறைவு. சங்கரலிங்கம் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், வந்தவரைக்கும் வரட்டும் என்றார்.

ஆனால் எதுவும் வரவில்லை. இரண்டு மாதக் கெடு முடிந்தும் பொன்னுராஜ் பணம் கட்டவில்லை. சங்கரலிங்கம் இன்னொரு மனுப் போட்டு, கட்டும் வரை அவனுடைய மணவிலக்கு வழக்கை நிறுத்திவைக்க உத்தரவு வாங்கினார். இனி அவன் கட்டாமல் அவன் வழக்கு நகராது என்று பிச்சையம்மாளுக்கு விளக்கினார். அது அவளுக்குப் புரிந்தது. வக்கீலும் பணம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் புரிந்தது. அவருடைய பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. ஆவுடையப்பன், ஒவ்வொரு தடவை வழக்குக் கட்டை எடுத்து வைக்கும்போதும், “ஏதாச்சும் கொண்டாந்திருக்கியாம்மா?” என்று கேட்பார். அவள் மற்றக் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்காராமல் மாடிப்படியிலேயே காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசியில் வக்கீல் ஆபீஸிலிருந்து அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். எதிர்த்தரப்பு ஒரு தொகை சொல்லியிருக்கிறது என்றார் சங்கரலிங்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய். அதுபோக வக்கீல் பீஸ் ஆயிரத்து இருநூறையும் அவர்களே நேராகக் கொடுத்துவிடுவார்கள். அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

“நீங்க என்னய்யா சொல்லுதீய?” என்று கேட்டாள்.

“எனக்கு என் பீஸ் முழுசா வருது. அதனால நான் எடுத்துக்கச் சொன்னா, அதைச் சந்தேகப்பட்டுத்தான் நீ கேக்கணும். வந்த விஷயத்தை உங்கிட்ட மறைக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அவள் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு வந்தாள். கிருபாபாய் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஆறாயிரத்தைப் பார்க்க நம் ஆட்களுக்கு எத்தனை வருஷமாகும், அதை அஞ்சலகத்தில் போட்டால் வட்டி வரும், கோர்ட்டு என்றால் நாளைக்கே ஜட்ஜ் மாறலாம் என்று எடுத்துச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பிச்சையம்மாள் சுருட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள். அப்போது ஒரு தறி பழசாக வாங்கினாலே எட்டாயிரம். அவளுடைய ஒன்பது பவுனுக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். ஆறு வருஷ உழைப்புக்கு விலை யாரும் போடவே இல்லை.

மறுவாரம் போய், ஆறு தறியில் தனக்கு மூன்று வேண்டும் என்றாள்.

சங்கரலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தறி அவன் பேரில் இருக்கிறது, சட்டப்படி இந்தக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது, நகைக்குத் தனியாக வழக்குப் போட்டால் அது ஒரு பத்து வருஷம், பேச்சுவார்த்தையில்தான் வரவேண்டும், அதற்கும் நாளாகும் என்றார்.

“ஆவட்டும்யா.”

“என் பீஸும்ல நாளாகும்?”

“மாசம் முப்பது ரூவா தாரேன்யா. இப்பவே தாரேன்” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ரசீது புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் செருகி, முப்பது ரூபாய்க்கு எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதன் பிறகு அவள் மாதம் தவறவில்லை. அவள் படியில் காத்திருப்பதைப் பார்த்து ஆவுடையப்பனே உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

அடுத்த வருஷம் சித்திரையில், கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாசலில் யாரோ அவளைக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளை வேட்டி கட்டிய, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குடையோடு நின்றிருந்தார். பேர் வைகுண்டராஜ், ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். பொன்னுராஜுக்குத் தன் மகளைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டதாகச் சொன்னால் போதாது, கோர்ட்டுத் தீர்ப்பு கையில் வந்தால்தான் கல்யாணம் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர்தான்.

அவர் அவளை நிழலுக்கு வரச் சொன்னார். அவள் வேப்பமரத்தடியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“எம் மகளுக்கு இருபத்தொன்பது ஆவுதும்மா. ரெண்டு வருஷமா இதுக்காவக் காத்துக் கெடக்கா. நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டதாத்தான் எங்ககிட்ட சொன்னாவ. கோர்ட்டுல கூண்டுல அவரு சொன்னதைப் போன மாசந்தான் நகல் வாங்கிப் படிச்சேன்.” அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். “ஒனக்கு என்ன வேணும்னு நேரா ஒங்கிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் மூன்று தறி, இதுவரை வராத மாதப் பணம், கோர்ட்டுச் செலவு என்றாள். மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் மறுத்தும் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பொன்னுராஜிடம் அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. பத்து நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் சமரசமாக ராஜி பேசக் கூப்பிட்டார்.

மூன்று தடவை பேச்சு நடந்தது. முடிவில் இரண்டு தறி, ரொக்கம் ஐயாயிரம், மாதப் பணப் பாக்கி முழுவதும், வழக்குச் செலவு எழுநூற்றைம்பது என்று நின்றது. மூன்றாவது தறியை அவள் விட்டுக்கொடுத்தாள். மூன்று தறிக்கு ஷெட் பிடிக்கவும் பாவு நூல் வாங்கவும் கையில் முதல் வேண்டும், ரொக்கமும் அவசியம் என்று அவளே கணக்குப் பார்த்துத்தான் விட்டாள்.

எந்த இரண்டு தறி என்ற கேள்வி வந்தது. நகை போட்டு வாங்கிய முதல் இரண்டையும் கொடுத்துவிடுவதாகப் பொன்னுராஜ் சொல்லி அனுப்பினான். சங்கரலிங்கத்துக்குக்கூட அது பொருத்தமாகப் பட்டது. பிச்சையம்மாள் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள். ஆவுடையப்பனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த ஷெட்டுக்குள் போனாள். பொன்னுராஜ் வாசலோரம் நின்றான். ஆறு தறியையும் ஒவ்வொன்றாக ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டாள். நாடா போய்வருவதைப் பார்த்தாள். துணியைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிறகு மூன்றாவதையும் ஐந்தாவதையும் காட்டினாள்.

“ஒன் நகையில வாங்குனது அது ரெண்டும்லா?” என்றான் பொன்னுராஜ்.

“அது தேஞ்சு போச்சு. எனக்கு ஓடுத தறி வேணும்” என்றாள்.

இருவரும் சேர்ந்து புதிதாக ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஜட்ஜ் முன்னால் இன்னொரு முறை சம்மதம் சொன்னால்தான் தீர்ப்பு. அந்த இரண்டாவது சம்மதத்துக்கு முன்னால் தறி இரண்டும் அவள் ஷெட்டில் இறங்கிவிட வேண்டும் என்று சங்கரலிங்கம் ராஜியிலேயே எழுதவைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல், எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டதற்கு, நம்பிக்கை இருக்கிறது, எழுத்திலும் இருக்கட்டும் என்றார்.

பாக்கிப் பணத்தை அன்றே கோர்ட்டில் கட்டினார்கள். வழக்குச் செலவுப் பணத்தை எதிர்த்தரப்பு குமாஸ்தா எடுத்து நீட்டியபோது, வழக்கம்போல ஆவுடையப்பன் கை நீட்டினார்.

“செத்த இருங்க” என்று பிச்சையம்மாள் குறுக்கே வந்து தானே வாங்கிக்கொண்டாள். வராந்தாத் தூண் ஓரமாகப் போய் நின்று, விரலை நாக்கில் தொட்டு எழுநூற்றைம்பதையும் எண்ணினாள். பிறகு வந்து சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தாள். “இந்தாங்கய்யா, ஒங்க பீஸு” என்றாள். அவர் வாங்கிக்கொண்டு, வராந்தாவிலேயே ஒரு வழக்குக் கட்டின்மேல் புத்தகத்தை வைத்து ரசீது எழுதினார்.

சத்திரப்பட்டி போகும் வழியில் கரண்டு வசதியோடு ஒரு சின்ன ஷெட் வாடகைக்குக் கிடைத்தது. கார்த்திகையில் தறிகளைக் கழற்றி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அய்யனார் கோவில் பக்கம் நல்ல மழை, இங்கே தூறல். சாக்கைப் போட்டு மூடியும் ஐந்தாவது தறி கொஞ்சம் நனைந்துவிட்டது. குருசாமி மம்சாபுரத்திலிருந்து வந்து இறக்குவதற்குக் கூடமாட நின்றார். வேலை முடிந்ததும், அன்றைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவள் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து, அவர் கட்டிய ஐந்நூறு ரூபாயையும் கையில் வைத்தாள். அவர் வேண்டாம் என்றார். அவள் மூத்த பெண் கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்றாள்.

1991 தை மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது. இருவரையும் நிற்கவைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தானே சம்மதிக்கிறீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். ஆமாம் என்றார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்து அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு வருஷம் அலைந்தது இந்த ஐந்து நிமிஷத்துக்கா என்று அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது பொன்னுராஜ் பின்னாலேயே வந்தான். இரண்டு எட்டுத் தள்ளி நின்றான்.

“அந்த மூணாம் தறிக்கு வலப்பக்க பெல்ட்டு நழுவும். இழுத்துக் கெட்டிக்கிட்டே இருக்காத. புதுசு மாத்திரு.”

“சரி” என்றாள் அவள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. பெல்ட்டை அவள் அந்த வாரமே மாற்றினாள்.

ராஜி பேசியதற்கென்று சங்கரலிங்கம் இன்னும் ஐந்நூறு சேர்த்துச் சொன்னார். அவர் கேட்டது நியாயமா என்று அவள் ஒரு பொழுது யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். முப்பது முப்பதாகவும், துணி நன்றாகப் போன மாதம் நூறாகவும் கட்டி, 1991 கடைசியில் அவர் பாக்கியைத் தீர்த்தாள். கம்பெனி வேலையை விட்டு கிருபாபாயும் அவளிடமே தார் சுற்ற வந்துவிட்டாள். நூல் விலை ஏறி ஷெட்டுகள் மூடிய வருஷத்தில் ஐந்தாவது தறியை நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. எட்டு மாதம் கழித்துத் திரும்ப ஓட்டினாள். 1995-இல் மூன்றாவதாக ஒரு தறி வாங்கினாள். அண்ணி இரண்டு தடவை வரன் கொண்டுவந்தாள். ஒருவர் கம்பவுண்டர், நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிச்சையம்மாள் அவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, அவர் பேச்சு முழுக்க ஷெட்டு யார் பேரில் இருக்கிறது என்பதைச் சுற்றியே வந்ததாகச் சொன்னாள்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் கோர்ட்டுக் காகிதம் வந்த பெண்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆறுதலுக்கு யாரும் வரவில்லை. எவ்வளவு செலவாகும் என்று கேட்க வந்தார்கள். வக்கீலிடம் அதைக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. 1996 மாசியில் மில் லைன் வீட்டிலிருந்து கருத்தம்மா என்ற பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். புருஷன் நோட்டீஸ் அனுப்பியிருந்தான். தறிச் சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லை. பிச்சையம்மாள் மூன்று தறியையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாள். வக்காலத்துக்கு எவ்வளவு, டைப்புக்கு எவ்வளவு, குமாஸ்தாவுக்கு எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டுக் கேட்டு வாங்கவேண்டும், வழக்குச் செலவை அவன் கையிலிருந்தே வாங்க மனு இருக்கிறது, அதை முதல் நாளே போடச் சொல்லவேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். கிருபாபாய் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வேடிக்கை காட்டினாள்.

கருத்தம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவன் மனசு மாறி வந்துட்டான்னா, இந்தச் செலவெல்லாம் வீணாப் போயிருமேக்கா?” என்றாள்.

“வந்தான்னா போவட்டும். வரலைன்னா?” என்றாள் பிச்சையம்மாள்.

அந்தப் பெண் நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். வருவாளா மாட்டாளா என்று கிருபாபாய் கேட்டாள். தெரியவில்லை என்றாள் பிச்சையம்மாள். சாயங்காலத்துக்குள் இறக்க வேண்டிய துணி பாக்கி இருந்தது. அவள் போய்த் தறிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடவிட்டாள்.